சாயம் நின்ற வருஷம்

ஆஸ்திரேலியாவில் சரித்திர ஆசிரியர்கள் பலர் கூடி ஒரு புதுமை செய்தார்கள். வெள்ளைக்காரர்கள் அங்கே குடியேறி இருநூறு ஆண்டு நிறைவதையொட்டி, 1987-ல் தங்கள் தேசத்தின் சரித்திரத்தைப் பல பாகங்களாக வெளியிட்டார்கள். வழக்கம்போல் கவர்னர், சட்டசபை, யுத்தம் என்று ஆதியிலிருந்து அந்தம் வரை கதை சொல்லிக்கொண்டு போகாமல், 1838, 1888, 1938 என்று ஐம்பது வருஷத்துக்கு ஒன்றாக மூன்று வருஷங்களைப் பொறுக்கி எடுத்து, ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு தனிப் புத்தகமே போட்டுவிட்டார்கள். பூசணிக்காயில் பத்தை போடுகிறோமே, அந்த மாதிரி! அந்த ஒரு வருஷத்தில் ஜனங்கள் என்ன வேலை செய்தார்கள், எப்படிக் குடித்தனம் நடத்தினார்கள் என்பதெல்லாம் அந்தப் பத்தையில் அடக்கம்.

நம் ஊர்களையும் இப்படி ஒரு வருஷத்தில் அறுத்துப் பார்த்தால் என்ன? முதலில் நினைவுக்கு வருவது திருப்பூர்.

எந்த வருஷம் என்று கேட்பீர்கள். 1932 என்று உடனே சொல்லத் தோன்றும். அந்த ஆண்டு ஜனவரியில்தான் குமரன் கொடியைக் கையில் ஏந்தியபடி போலீஸ் தடியடிக்கு இரையானார். 1978-ஐயும் சொல்லலாம். இத்தாலியிலிருந்து வந்த ஒரு வியாபாரியின் மூலமாகத் திருப்பூர்ப் பனியன் கடல் கடக்கத் தொடங்கிய காலம் அது. நாம் எடுத்துக்கொள்வது 2011. அந்த வருஷம் திருப்பூரில் சாயம் நின்றது. சாயம் நின்றால் என்ன, வெள்ளைப் பனியன் போட்டுக்கொண்டால் போகிறது என்று நினைத்துவிடாதீர்கள். வெளுப்பும் சேர்ந்தேதான் நின்றது!

துணி நடக்கும் வழி

திருப்பூரில் ஒரு பனியன் ஒரே கூரையின்கீழ் பிறப்பது அபூர்வம். நூல் மில்லிலிருந்து நூல் வரும். நிட்டிங் கம்பெனியில் அது துணியாகும். பழுப்பேறிய அந்தத் துணிக்குக் கிரே துணி என்று பெயர். அது டெம்போ ஏறிச் சாயப்பட்டறைக்குப் போகும். நிறம் ஏறியபின் காம்பேக்டிங், பிறகு கட்டிங் மாஸ்டரின் மேஜை, அப்புறம் பவர் டேபிள். ஓவர்லாக் அடிப்பவர் ஒருவர், பட்டன் வைப்பவர் ஒருவர், பிசிர் வெட்டுபவர் ஒருவர், செக்கிங் பார்க்கும் பெண்கள், அயர்ன், பாக்கிங். இதில் பாதிக்கு மேல் வெவ்வேறு தெருக்களில் வெவ்வேறு முதலாளிகளிடம் ஜாப் ஒர்க்காக நடக்கும். ஒரு பனியன் பெட்டிக்குள் போவதற்கு முன் ஊரைப் பாதி சுற்றிவிடுகிறது என்றால் மிகையில்லை.

இந்த வழியில் ஒவ்வொரு கட்டத்துக்கும் மாற்று உண்டு. ஒரு நிட்டிங் கம்பெனி மூடினால் இன்னொன்று இருக்கிறது. தையலுக்கு ஆள் வராவிட்டால் அடுத்த தெருவில் கொடுத்து வாங்கலாம். ஆனால் எல்லாத் துணியும் ஒருமுறை வெளுப்புக்கோ சாயத்துக்கோ போய்த்தான் தீரவேண்டும். 2011 ஜனவரி 28-ஆம் தேதி, பொங்கல் கழிந்து இரண்டு வாரத்தில், அந்த இடத்தில்தான் பூட்டு விழுந்தது.

சென்னை ஹைகோர்ட்டில் தலைமை நீதிபதி எம்.ஒய். இக்பால் தலைமையிலான அமர்வு உத்தரவிட்டது: திருப்பூரில் உள்ள சாய, சலவைப் பட்டறைகளையும், அவற்றின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் உடனே மூட வேண்டும், மின்சார இணைப்பைத் துண்டிக்க வேண்டும். எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன.

உப்பின் கதை

ஏன் இவ்வளவு கடுமை? இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் ரசாயனம் தெரிய வேண்டும். பயப்படாதீர்கள், சமையலறை ரசாயனம்தான்.

பருத்தி நூலும், அதற்கு ஏற்றும் சாயமும் தண்ணீரில் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும் குணம் உடையவை. இரண்டுக்கும் ஒரே வகை மின்னேற்றம். சண்டைக்காரச் சம்பந்திகளைப் போல ஒரே பந்தியில் உட்காரமாட்டா. நடுவே சமாதானம் பேச உப்பு வேண்டும். உப்பைக் கொட்டினால் சாயம் துணிமேல் போய் ஒட்டிக்கொள்ளும். கறுப்பு, கருநீலம் போன்ற அடர்ந்த நிறமென்றால் ஒரு கிலோ துணிக்கு ஏறக்குறைய அரைக் கிலோ உப்பு செலவாகும். சாயமாவது துணியில் தங்குகிறது. இந்த உப்பு ஒரு துளியும் தங்குவதில்லை. காரியம் முடிந்ததும் அத்தனையும் கழிவு நீரோடு வெளியே போய்விடும்.

வெளியே என்றால் எங்கே? நொய்யலுக்குத்தான்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயமுத்தூரைத் தாண்டி, திருப்பூரை இரண்டாகப் பிளந்துகொண்டு போய்க் கரூர்ச் சீமையில் காவேரியோடு கலக்கும் ஆறு நொய்யல். மழைக்காலம் தவிர மற்ற நாளில் அதில் சொந்தத் தண்ணீர் அதிகம் கிடையாது. ஏற்றுமதி பெருகப் பெருக, ஆற்றில் ஓடியது பெரும்பாலும் பட்டறைத் தண்ணீரும் சாக்கடையுமே. வளர்மதி பாலத்தின்மேல் நின்று பார்த்தால், ஐரோப்பாவில் அந்த வருஷம் எந்த நிறத்துக்கு மவுசு என்று ஆற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம் என ஊரில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

கீழே இருப்பவர்களுக்கு அது வேடிக்கையாக இருக்கவில்லை. சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே சர்க்கார் ஓர் அணை கட்டி 1992-ல் திறந்தது. விவசாயிகள் அணை வேண்டும், அணை வேண்டும் என்று காத்திருந்து பெற்ற அணை. சில ஆண்டுகளுக்குள் அதில் தேங்கியது சாயக் கழிவு. அணையிலிருந்து தண்ணீர் திறக்கும்படி விவசாயிகள் மனுக் கொடுப்பதை நாம் கேட்டிருக்கிறோம். தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகள் கெஞ்சிய அணை இது ஒன்றுதான் இருக்கும். சுற்றுவட்டாரத்தில் கிணறுகள் உப்பேறின. தென்னை காய்ப்பு விட்டது. மாடு அந்தத் தண்ணீரில் வாய் வைக்கவில்லை. மண்ணில் இறங்கிய உப்பு மழை வந்தாலும் லேசில் போவதில்லை. பரம்பரையாக விவசாயம் பார்த்த குடும்பத்துப் பிள்ளைகள் பலர் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு வேலை தேடிப் போனார்கள். எங்கே என்கிறீர்கள்? திருப்பூருக்குத்தான், பனியன் கம்பெனிக்கு!

நஷ்டஈடு கிடைக்கவில்லையா என்று கேட்கலாம். கிடைத்தது. சூழலியல் இழப்புக்கான ஆணையம் 2004 டிசம்பரில் 68 கிராமங்களைச் சேர்ந்த 28,596 விவசாயிகளுக்கு ஏறக்குறைய 24 கோடியே 80 லட்சம் ரூபாய் வழங்கத் தீர்ப்பளித்தது. தொகை பெரிதாகத் தெரிகிறது. வகுத்துப் பாருங்கள்: ஆளுக்குச் சராசரி எண்ணாயிரத்து எழுநூறு ரூபாய்கூட வரவில்லை. ஒரு நல்ல கறவை மாட்டுக்குக் காணாது.

திடீரென்று அல்ல

சாயப்பட்டறைக்காரர்கள் பேரில் திடீரென்று இடி விழுந்தது என்று அந்த நாளில் பலர் சொன்னார்கள். இதை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கத்தார் வருஷக்கணக்காகக் கோர்ட்டுப் படி ஏறி இறங்கினார்கள். 2006 டிசம்பரிலேயே ஹைகோர்ட் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது: ஒரு சொட்டுக் கழிவு நீரும் ஆற்றுக்கு வரக்கூடாது. அதுவரை வெளியேற்றும் நீருக்கு லிட்டருக்கு 6 பைசா, பிறகு 8 பைசா, பிறகு 10 பைசா என்று அபராதமும் போட்டது. பட்டறைக்காரர்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 2009 அக்டோபரில் அங்கேயும் தீர்ப்பு விவசாயிகளின் பக்கமே அமைந்தது. மூன்று மாதம் தவணை கொடுத்தார்கள். மூன்று மாதம் பதினைந்து மாதமாயிற்று. விவசாயிகள் கோர்ட் அவமதிப்பு வழக்குப் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் பூட்டு.

பட்டறைக்காரர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். அவர்கள் ஒன்றுமே செய்யாமல் இருந்தார்கள் என்பது சரியல்ல. கடன் வாங்கிக் கோடி கோடியாகக் கொட்டி, ஏறத்தாழ இருபது பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டியிருந்தார்கள். நிறத்தை நீக்குவது பெரிய கஷ்டமில்லை. உப்பைப் பிரிப்பதுதான் கஷ்டம். சவ்வு வழியாக அழுத்தி வடிகட்டினால் பெரும்பகுதித் தண்ணீர் நல்ல நீராகத் திரும்பக் கிடைத்துவிடும். மிச்சமிருக்கும் கரைசலோ கடல் நீரைத் தோற்கடிக்கும். அதைக் கொதிக்க வைத்து ஆவியாக்க வேண்டும். விறகும் கரண்டும் விழுங்கும் இந்த வேலைதான் பல இடங்களில் சரியாக நடக்கவில்லை. இயந்திரம் வாங்கியும் ஓடவில்லை என்று சிலர். ஓட்டினால் கட்டுப்படியாகவில்லை என்று சிலர். ராத்திரியில் சத்தமில்லாமல் ஓடையில் திறந்துவிட்டவர்களும் இருந்தார்கள்.

கட்டுப்படியாகவில்லை என்றால் யாருக்கு? ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ ஒரு டி-ஷர்ட் எடுப்பவர் பருத்திக்கு விலை கொடுக்கிறார், தையலுக்குக் கொடுக்கிறார், கப்பலுக்குக் கொடுக்கிறார். ஆற்றுக்கு மட்டும் பைசா கொடுக்காமல் இத்தனை காலம் வாங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பாக்கியை ஒரத்துப்பாளையத்துக் குடியானவன் தன் கிணற்றால் அடைத்து வந்தான்.

மூடிய ஊரில்

பூட்டு விழுந்து பத்து நாளில் மக்கள் தொகைக் கணக்கு எடுப்பவர்கள் வந்தார்கள். தேசமெங்கும் 2011 பிப்ரவரியில் கணக்கெடுப்பு அல்லவா? திருப்பூர் தனி மாவட்டமாகி அப்போதுதான் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மாவட்டத்தில் 24 லட்சத்து 79 ஆயிரம் ஜனங்கள் என்று கணக்கு வந்தது. அதில் வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள் ஏராளம். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள், ஒரிஸ்ஸா, பீகாரிலிருந்து தனியாக வந்த இளைஞர்கள்.

திருப்பூரில் மாதச் சம்பளத்தைவிட வாரச் சம்பளம்தான் பெரிது. சனிக்கிழமை சாயங்காலம் கூலி கைக்கு வரும். மளிகைக் கடைக்காரர், பால்காரர், வீட்டுக்காரர், சீட்டுப் பிடிக்கும் அம்மாள் எல்லாரும் சனிக்கிழமையை நம்பி இருப்பவர்கள். சாயப்பட்டறையில் வேலை பார்த்த பல ஆயிரம் பேருக்கு முதல் வாரமே சனிக்கிழமை காணாமற்போயிற்று. தையல்காரர்களுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து. ஏற்கெனவே சாயமேறி இருந்த துணி தீர்ந்தது. அதற்குப் பிறகு மூன்று நாள் வேலை, இரண்டு நாள் வேலை. ரயில்வே ஸ்டேஷனில் தெற்கே போகும் வண்டிகளில் தகர டிரங்கும் பாத்திர மூட்டையுமாகக் குடும்பங்கள் ஏறின.

முதலாளிகள் சும்மா இருக்கவில்லை. ஆர்டர் தேதி தவறினால் கப்பலில் போகவேண்டிய சரக்கை விமானத்தில் அனுப்பவேண்டி வரும். லாபம் ஆகாயத்தில் போய்விடும். ஆகவே துணியை லாரியில் ஏற்றி ஈரோடு, பெருந்துறை, கரூர், சேலம் என்று அனுப்பினார்கள். சிலர் வடக்கே ஆமதாபாத், லூதியானா வரை அனுப்பிச் சாயம் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். போக வர வண்டிச் சத்தம், கூடுதலான சாயக் கூலி, நாள் கணக்கில் தாமதம், கேட்ட நிறம் ஒன்று வந்த நிறம் ஒன்று. சாயம் போன இடங்களில் எல்லாம் பிரச்னையும் கூடவே போயிற்று. சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களில் ராத்திரியோடு ராத்திரியாகத் தொட்டி கட்டிச் சாயம் போடத் தொடங்கினார்கள். அதிகாரிகள் இடிப்பதும், இவர்கள் வேறிடம் பார்ப்பதுமாக மாதங்கள் கழிந்தன.

கஷ்டம் வந்தால் தனியாக வராது என்பார்கள். திருப்பூருக்கு அந்த வருஷம் அது கூட்டமாகவே வந்தது. ஜனவரி முதல் தேதியே ஐரோப்பிய யூனியன் தன் விதியைத் தளர்த்தியது. வங்காள தேசம் போன்ற ஏழை நாடுகள் எங்கிருந்து துணி வாங்கித் தைத்தாலும் வரியில்லாமல் உள்ளே விடலாம் என்றது. நமக்கு வரி உண்டு. போட்டியாளனுக்கு ஓடுபாதை, நமக்குப் பள்ளமும் மேடும். பிப்ரவரி 28-ல் மத்திய பட்ஜெட்டில் முத்திரை போட்ட ஆயத்த ஆடைகளுக்கு 10 சதவிகிதம் கலால் வரி விழுந்தது. மார்ச்சில் பஞ்சு விலை சரித்திரம் காணாத உயரத்துக்குப் போயிற்று. கண்டி 60,000 ரூபாயைத் தாண்டியது. அந்த விலையில் நூலை வாங்கிக் குவித்தவர்கள், சில மாதங்களில் விலை ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தபோது தலையில் கை வைத்துக்கொண்டார்கள். செப்டம்பர் 30-ஆம் தேதியோடு ஏற்றுமதியாளர்களுக்கு இருந்த ஒரு பழைய வரிச்சலுகைத் திட்டமும் முடிந்தது. இவற்றோடு தமிழ்நாடு முழுவதும் அடித்த மின்வெட்டு வேறு. கரண்ட் வரும் மணிக்குத் தகுந்தபடி ஷிப்டை மாற்றிக்கொண்டு தைத்தார்கள்.

தண்ணீர்க் கம்பெனியின் கதையும் வேடிக்கையானது. உள்ளூர்க் கிணற்று நீர் கெட்டுவிட்டதால், ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து காவேரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவர ஒரு பெரிய திட்டம் போட்டு 2005-ல் தொடங்கியிருந்தார்கள். தினம் 18½ கோடி லிட்டர் கொண்டுவரும் சக்தி வாய்ந்தது. அதிலே நல்ல விலை கொடுத்து வாங்கும் பெரிய வாடிக்கைக்காரர்கள் யார்? சாயப்பட்டறைகள்தான்! அவை மூடியதும் குழாய் இருந்தது, தண்ணீர் இருந்தது, வாங்க ஆளில்லை.

ஆட்சி மாறியபின்

ஏப்ரல் 13-ல் சட்டசபைத் தேர்தல். திருப்பூரில் எந்த மேடையில் ஏறினாலும் சாயத்தைப் பற்றிப் பேசாமல் இறங்க முடியாத தேர்தல் அது. மே மாதம் ஜெயலலிதா முதல் மந்திரியானார். சுத்திகரிப்பு நிலையங்களைச் சீர்திருத்த 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் என்று அவருடைய சர்க்கார் அறிவித்தது.

பணம் மட்டும் போதுமா? வழி ஒன்று பிடிபட வேண்டுமே! அது அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் பிடிபட்டது. மிச்சமாகும் உப்புக் கரைசலை முழுதும் கொதிக்க வைத்து உப்பாக்கி, அந்த உப்பை மறுபடி தண்ணீரில் கரைத்துச் சாயத்துக்குப் பயன்படுத்துவானேன்? கரைசலில் இருக்கும் வேண்டாத பொருள்களை நீக்கிவிட்டு, அதைக் கரைசலாகவே பட்டறைக்குத் திருப்பி அனுப்பிவிட்டால்? கொதிக்க வைக்கவேண்டிய அளவு வெகுவாகக் குறைகிறது. பட்டறைக்கும் உப்பு வாங்கும் செலவு மிச்சம். கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். சாம்பார் மிஞ்சினால் சுண்டக் காய்ச்சி மறுநாள் வைத்துக்கொள்ளும் புத்தி நம் வீட்டுப் பெண்களுக்கு எப்போதோ உண்டு. சோதனை ஓட்டம் பார்த்து, கோர்ட்டுக்குக் காட்டி, அனுமதி வாங்கி, ஒவ்வொரு நிலையமாகத் திறக்கத் தொடங்கினார்கள். எல்லாம் ஒரே நாளில் திறக்கவில்லை. பலவற்றுக்கு அடுத்த ஆண்டும் அதற்கு மேலும் ஆயிற்று. சிறிய பட்டறைக்காரர்களில் பலர் திரும்பத் திறக்கவே இல்லை. கடனுக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு, சாயம் போட்ட கையோடு வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள்.

அக்டோபர் 26-ல் தீபாவளி. திருப்பூரில் தீபாவளி என்றால் போனஸ். மற்ற வருஷங்களில் போனஸ் கைக்கு வந்த மறுநாள் குமரன் ரோட்டில் நடக்க இடமிராது. காதர்பேட்டையில் கழிவுத் துணியும் ஏற்றுமதியில் தள்ளிய பனியனும் விற்பவர்கள்கூடப் புதுத் துணி எடுப்பார்கள். அந்த வருஷம் ஊருக்குப் போனவர்கள் பலர் திரும்பி வராமலே தீபாவளி வந்து போயிற்று.

நவம்பரில் மழை. ஒரே ராத்திரியில் கொட்டித் தீர்த்தது. ஜம்மனை ஓடை பெருகிக் கரையோரத்துக் குடிசைகளை அடித்துக்கொண்டு போயிற்று. உயிர்ச்சேதமும் ஆயிற்று. ஓடைக்கரையில் குடியிருந்தவர்கள் யார்? வாடகை கொடுத்து ஊருக்குள் வீடு எடுக்க முடியாத கூலிக்காரர்கள்தான். ஆறும் ஓடையும் வெறும் சாக்கடை என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. அவை தாங்கள் யார் என்பதை அன்றிரவு காட்டின.

வருஷக் கடைசியில் ஒரு நல்லதும் நடந்தது. அதுவும் யாரும் முயன்று நடத்தியதல்ல. நடு வருஷத்தில் டாலருக்கு 45 ரூபாயாக இருந்தது டிசம்பரில் 53 ரூபாயைத் தாண்டியது. பெட்டிகள் குறைந்தாலும் ரூபாய்க் கணக்கு விழாமல் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். முந்திய வருஷத்தைப் போலவே ஏற்றுமதி சுமார் 12,500 கோடி ரூபாய் என்று கணக்குக் காட்டியது. புள்ளிவிவரத்தை மட்டும் புரட்டுகிறவர்களுக்கு 2011-ல் திருப்பூரில் ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றும்!

இப்போது

திருப்பூர் பிழைத்துக்கொண்டது. 2024-25-ல் ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாயைத் தொட்டது. நாள்தோறும் சுமார் 13 கோடி லிட்டர் கழிவு நீரைச் சுத்தம் செய்து அதையே மறுபடி பயன்படுத்துகிறோம் என்று தொழில் சங்கத்தார் சொல்கிறார்கள். வெளிநாட்டு வியாபாரிகளை அழைத்துப்போய் அந்த நிலையங்களைக் காட்டுகிறார்கள். எந்த உத்தரவை எதிர்த்து ஊர்வலம் போனார்களோ, அதுவே இப்போது ஊரின் விளம்பரமாகிவிட்டது.

ஆஸ்திரேலியாவில் தொடங்கினோம், அவர்களையும் கவனித்துவிடலாம். 2022 டிசம்பர் 29-ல் அந்த நாட்டோடு நாம் செய்துகொண்ட வியாபார ஒப்பந்தம் அமுலுக்கு வந்தது. அதுவரை நம் ஆடைகளுக்கு அங்கே இருந்த 5 சதவிகித வரி அன்றோடு போயிற்று. பதிலுக்கு, வருஷம் 51,000 டன் ஆஸ்திரேலியப் பருத்தியை நாம் வரியில்லாமல் வாங்குகிறோம். அங்கே விளைந்த பஞ்சு இங்கே சாயமேறி மறுபடி அங்கே போகவும் வழி இருக்கிறது.

அந்தச் சாயத்துக்குப் போட்ட உப்பு மட்டும் எங்கும் போவதில்லை. கரைசலாகத் திரும்பியது போக, திரும்பப் பயன்படுத்த முடியாத கலப்பு உப்பும் சேறும் சுத்திகரிப்பு நிலையங்களின் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடக்கின்றன. ஆற்றில் விடக்கூடாது, மண்ணில் புதைக்கக்கூடாது. மழை படாமல் மேலே கூரை போட்டு, நனையாமல் கீழே தளம் போட்டுக் காத்து வருகிறார்கள். ஒவ்வொரு கறுப்புச் சட்டைக்கும் அங்கே ஒரு பிடி சேர்ந்துகொண்டிருக்கிறது.